மருமகள் கையில் பாதுகாப்பு ஆணை, வீடு என் பெயரில்: நான் போன இரண்டு வக்கீல் இடங்கள் பற்றி

முதலில் மார்க்கைச் சொல்லி விடுகிறேன். முதலில் போன தனியார் வக்கீல் ஆபீசுக்கு 5க்கு 1. பிறகு போன மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச சட்ட உதவிக்கு 5க்கு 4. இரண்டின் பெயரும் ஊரும் வேண்டாம். டெல்டா பக்கம் ஒரு ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 66 வயது. உதவிபெறும் பள்ளியில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். என் பி.எஃப். பணத்திலும் அவர் இறந்தபின் வந்த பணத்திலும் கட்டிய வீடு, கீழே நான், மாடியில் மகனும் மருமகளும் பேத்தியும். மகன் மருமகளை அடித்தான். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் நீங்கள் படிப்பது பொய்யாகிவிடும். மாடியில் சத்தம் கேட்ட இரவுகளில் நான் கதவைத் திறந்து மேலே போகவில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை என்று படுத்திருந்தேன். 2022இல் அவள் நீதிமன்றம் போய் குடும்ப வன்முறைச் சட்டத்தில் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை வாங்கினாள், அதில் மகன் முதல் எதிர்மனுதாரர், நான் இரண்டாவது.

பெண்ணுக்கு எதிராக, அதிலும் மாமியாருக்கு எதிராக இப்படி ஆணை வருமா என்று கேட்பவர்களுக்கு: வரும். 2005ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் முதலில் வயது வந்த ஆண் மீதுதான் மனு போடலாம் என்று இருந்தது, கணவனின் பெண் உறவினர் விஷயத்தில் மட்டும் ஒரு விலக்கு. அந்த 'வயது வந்த ஆண்' என்ற சொல்லையே 2016இல் உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது. ஆனால் ஒரு பெண்ணை வீட்டை விட்டு வெளியேறு என்று மட்டும் இந்தச் சட்டத்தில் உத்தரவு போட முடியாது, அதனால்தான் நான் கீழேயே இருக்க முடிந்தது. மகன் சென்னைக்குப் போய்விட்டான்.

ஆணையில் எழுதியிருந்தது இதுதான். அவளுக்கு எந்த வன்முறையும் செய்யக் கூடாது. நேரிலோ, வாய்ப்பேச்சிலோ, எழுத்திலோ, போனிலோ, வாட்ஸ்அப் மாதிரி வேறு எந்த வழியிலோ தொடர்பு கொள்ளக் கூடாது. அவளை மாடியிலிருந்து வெளியேற்றக் கூடாது. வீட்டை விற்கவோ கைமாற்றவோ கூடாது. ஒரே படிக்கட்டு, ஒரே கேட், ஒரே ஈ.பி. மீட்டர், எல்லாம் இருக்கும் வீட்டில் இதை எப்படி நடத்துவது? தண்ணீர் மோட்டார் ஸ்விட்ச் என் சமையலறையில் இருந்தது. மாடியில் தண்ணீர் தீர்ந்தால் அவள் என்னிடம் கேட்கவும் முடியாது, நான் மேலே குரல் கொடுக்கவும் முடியாது. தொட்டி நிரம்பி வழிந்தால் நிறுத்துவேன், நிறுத்தினால் வேண்டுமென்றே தண்ணீரை அடைத்தாள் என்று ஆகிவிடுமோ என்று பயம். சில நாள் மோட்டாரைப் போட்டுவிட்டு அந்த ஸ்விட்ச்சுக்குக் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் செய்யச் சொல்லியிருந்தார்கள். வீட்டை விற்று, தங்கை இருக்கும் ஊரில் சின்னதாக ஒன்று பார்த்துக்கொண்டு போகலாம் என்பதுதான் என் எண்ணம். அதற்கு அவள் மீது நான் வழக்குப் போட வேண்டும். ஆணை வைத்திருப்பவள் மீது, ஆணைக்கு உட்பட்டவள் வழக்குப் போட முடியுமா? இந்த ஒரு கேள்வியோடுதான் முதல் வக்கீலிடம் போனேன்.

தனியார் ஆபீஸ்

உறவுக்காரர் ஒருவர் சொல்லிப் போன இடம். பெரிய போர்டு, வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். ஆணையை நீட்டினேன். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். "மாமியார் வீட்டில் மருமகளுக்கு உரிமையே கிடையாதும்மா, சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு, மூணு மாசத்துல காலி பண்ணிடலாம்" என்றார். எனக்குப் பெரிய நிம்மதி. அன்றைக்கே 15,000 கொடுத்தேன். பிறகு இரண்டு தடவையாக 20,000. ஒன்றுக்கும் ரசீது கிடையாது.

அவர் சொன்ன தீர்ப்பு உண்மையில் இருக்கிறது. 2006 டிசம்பரில் வந்தது. மாமியார் பெயரில் உள்ள வீடு 'பகிர்ந்து வாழும் இல்லம்', அதாவது மருமகள் குடியிருக்க உரிமை கேட்கக்கூடிய வீடு, ஆகாது என்று அப்போது சொன்னார்கள். ஆனால் 2020 அக்டோபர் 15ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதைச் சரியான சட்டம் இல்லை என்று தள்ளிவிட்டது. நான் இவரிடம் போனது 2022 கடைசியில். அதாவது இரண்டு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன தீர்ப்பை நம்பி நான் பணம் கட்டியிருக்கிறேன். இது எனக்குத் தெரியவே இன்னும் எட்டு மாதம் ஆனது.

அடுத்து அவர் சொன்ன வழிகளைக் கேளுங்கள். ஒன்று, நகையைத் திருடிக்கொண்டாள் என்று போலீசில் ஒரு புகார் கொடுங்கள், பயந்து இறங்கி வருவாள். இரண்டு, வீட்டைத் தங்கை பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிடுங்கள், பிறகு அவள் யாரிடம் கேட்பாள். மூன்று, மூத்த குடிமக்கள் சட்டத்தில் வருவாய் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்தால் ஒரே மாதத்தில் வெளியே. நகை விஷயம் பொய் என்று நான் சொன்னேன். "கேஸ்னா அப்படித்தான்" என்றார். எனக்கு ஒப்பவில்லை, ஆனால் எழுந்து வரவும் இல்லை. பணம் கொடுத்தாயிற்றே என்ற நினைப்புதான்.

எழுந்து வந்திருக்க வேண்டும். ஒரு நாள் அவர் கோர்ட்டுக்குப் போயிருந்தபோது குமாஸ்தா என் போனை வாங்கி, நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை போட்டு வைப்பது நல்லது என்று அவரே டைப் செய்தார். 'இந்த மாதக் கடைசிக்குள் என் வீட்டைக் காலி செய்யவும், இல்லாவிட்டால் சட்டப்படி நடவடிக்கை.' நான் தலையாட்டினேன், அவர் அனுப்பினார். வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு நீல டிக் விழுந்திருந்தது.

மூன்றாவது நாள் மகளிர் காவல் நிலையத்திலிருந்து போன். முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு ஒழுங்கு சொல்லிக் கொடுத்தவள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தேன். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று அந்த இன்ஸ்பெக்டர் அம்மா சட்டப் புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் வைத்துக் காட்டினார். பிரிவு 31, 32. என் மருமகள் அடுத்த அறையில் இருந்தாள். "அத்தையை உள்ள வைக்க வேண்டாம் மேடம், மெசேஜ் வராம இருந்தா போதும்" என்று அவள் சொன்னது கதவு வழியாகக் கேட்டது. எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு அவள் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் என் கதை வேறு.

வக்கீலிடம் போய்ச் சொன்னால், "உங்க போன்ல இருந்து போன மெசேஜ் தானே" என்றார். இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. ஆணை நம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீடு செய்யலாம். அவரிடம் முதலில் போனபோது அதில் பதினோரு நாள் மிச்சம் இருந்தது. ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. இதற்கெல்லாம் சேர்த்துத்தான் அந்த ஒரு மார்க், அதுவும் ஃபைலை நான் கேட்டதும் சண்டை போடாமல் திருப்பிக் கொடுத்ததற்காக.

இலவச சட்ட உதவி

அந்த ஸ்டேஷன் சுவரில்தான் 15100 என்ற நம்பரைப் பார்த்தேன். தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண். கூப்பிட்டதும் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் ஆபீசுக்குப் போகச் சொன்னார்கள். எனக்குத் தயக்கம். பென்ஷன் வருகிறது, சொந்த வீடு இருக்கிறது, இலவச வக்கீல் கேட்பது நியாயமா? வெளியே காத்திருந்தவர்களைப் பார்த்தால் இன்னும் கூச்சம் வந்தது. ஒரு அம்மா கைக்குழந்தையோடு தரையில் உட்கார்ந்திருந்தார். ஃபாரம் எழுதிக் கொடுக்கும் தன்னார்வலப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "சட்டத்துல பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது டீச்சர், உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். 1987ஆம் வருடத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், பிரிவு 12. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், இவர்கள் எல்லாருக்கும் வருமானம் பார்க்காமல் உண்டு. அந்தப் பிரிவில் சொன்ன எந்த வகையிலும் வராத ஆண்களுக்கு வருமான உச்சவரம்பு பார்ப்பார்கள். என் மகன் கேட்டிருந்தால் அவன் சம்பளத்துக்குக் கிடைத்திருக்காது.

என் மருமகளுக்கும் இதே இடத்திலிருந்துதான் வக்கீல் கொடுத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. இது எப்படிச் சரிப்படும் என்று செயலாளரிடமே கேட்டேன், அவர் சார்பு நீதிபதி அந்தஸ்தில் இருப்பவர். அவளும் பெண், நானும் பெண், இரண்டு பேருக்கும் உரிமை இருக்கிறது, பேனலில் வேறு வேறு வக்கீல், ஒருவர் ஃபைலை மற்றவர் பார்க்க முடியாது என்றார். நடந்ததும் அப்படித்தான்.

வக்கீல் ஒதுக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரம் யாரும் போன் செய்யவில்லை, நானே இரண்டு தடவை ஆட்டோ பிடித்துப் போய்க் கேட்டேன். முழங்கால் வலியோடு அந்தப் படியேறுவது சின்ன விஷயம் இல்லை. குறைத்த ஒரு மார்க்கில் பாதி இதற்கு.

வந்த வக்கீல் சின்ன வயசுப் பெண், என்னிடம் படித்த பிள்ளைகள் வயதுதான் இருக்கும். உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஆணையோட முழு நகல் இருக்கா?" ஆறு பக்கத்தையும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படித்தார். இருபது நிமிடம் ஆகியிருக்கும். நான் இடையில் கதை சொல்லப் போனால் கையைக் காட்டி நிறுத்தினார். படித்து முடித்துவிட்டு என் பக்கம் திருப்பி, "இதுல கோர்ட்டுக்குப் போகக் கூடாதுன்னு எங்கே எழுதியிருக்கு, காட்டுங்க டீச்சர்" என்றார். இல்லை. எங்கேயும் இல்லை. நேராக அவளிடம் போகாதே, பேசாதே, எழுதாதே, வெளியே தள்ளாதே, விற்காதே என்றுதான் இருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போகிற வழி திறந்தே இருக்கிறது.

இது தெரியாமல்தான் நம்மில் பாதிப் பேர் அவஸ்தைப்படுகிறோம். ஒன்று, ஆணை வந்துவிட்டது இனி ஒன்றும் செய்ய முடியாது என்று உட்கார்ந்துவிடுகிறோம். இல்லாவிட்டால் நான் செய்த மாதிரி நேராக மெசேஜ் போட்டுக் கம்பி எண்ணும் நிலைக்குப் போகிறோம். வழக்குத் தாக்கல் செய்தால் சம்மன் கோர்ட் வழியாகப் போகும், கோர்ட் ஊழியரான அமீனா கொண்டுபோய்க் கொடுப்பார், அது நான் தொடர்பு கொண்டதாக ஆகாது. நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்றால்கூட அவளுடைய வக்கீலுக்குத்தான் கொடுக்க வேண்டும், அவள் கைக்கு இல்லை என்று கறாராகச் சொன்னார். நான் சம்மனோடு மாடிப்படி பக்கம் நிற்கவே கூடாது என்றும் சொன்னார். அமீனா வந்த அன்று நான் கோயிலுக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

முதல் வக்கீல் சொன்ன மூன்று வழிகளையும் ஒன்றொன்றாகக் கேட்டேன். செட்டில்மென்ட் எழுதுவதா, விற்கக் கூடாது கைமாற்றக் கூடாது என்று ஆணையில் இருக்கிறது, எழுதியிருந்தால் அதுவே மீறல் என்றார். ஆர்.டி.ஓ. மனு? 2020 டிசம்பர் 15இல் நீதிபதி சந்திரசூட் அமர்வு பெங்களூரு வழக்கு ஒன்றில் சொன்னதை எடுத்துச் சொன்னார். அங்கேயும் மாமனார் மாமியார் 2007ஆம் வருடத்து மூத்த குடிமக்கள் சட்டத்தை வைத்து மருமகளை வெளியேற்ற உத்தரவு வாங்கியிருந்தார்கள். அந்தச் சட்டத்தை வைத்து, குடும்ப வன்முறைச் சட்டம் கொடுத்த குடியிருக்கும் உரிமையை ஒரே அடியாக அடித்துவிட முடியாது, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டார்கள். நகைப் புகார் பற்றிக் கேட்டபோது மட்டும் பேனாவைக் கீழே வைத்தார். "உண்மையா?" "இல்லம்மா." "அப்போ என் கையால அது வராது." அந்த நிமிடம் இவர்தான் என் வக்கீல் என்று முடிவு செய்தேன்.

2020 அக்டோபர் தீர்ப்பு, கொஞ்சம் விரிவாக

இதை நான் தமிழில் தேடி எங்கேயும் தெளிவாகப் பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன். டெல்லியில் நியூ ஃப்ரண்ட்ஸ் காலனி என்று ஒரு இடம். வீடு மாமனார் பெயரில், அவர் 1983இல் வாங்கியது. மகனும் மருமகளும் அதே வீட்டில். தகராறு வந்து மருமகள் நடுவர் நீதிமன்றம், அதாவது மாஜிஸ்திரேட் கோர்ட், போகிறார். 2016 நவம்பரில் இடைக்கால ஆணை வருகிறது: வீட்டை விற்கக் கூடாது, அவரை வெளியேற்றக் கூடாது. என் ஆணைக்கு அண்ணன் மாதிரி. அதன் பிறகு மாமனார் உரிமையியல் நீதிமன்றத்தில் மருமகள் மீது வழக்குப் போடுகிறார், வீடு என்னுடையது, காலி செய்து கொடுக்க வேண்டும் என்று. 2019 ஏப்ரலில் கீழ்க் கோர்ட் மாமனாருக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கொடுத்துவிட்டது, சாட்சி விசாரணைகூட இல்லாமல், வீடு அவர் பெயரில் இருப்பதை மருமகளே ஒத்துக்கொண்டார் என்ற ஒரே காரணத்துக்காக. அதே வருடம் டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து, முழுசாக விசாரி என்று திருப்பி அனுப்பியது. மாமனார் உச்ச நீதிமன்றம் போனார்.

நீதிபதி அசோக் பூஷண் தலைமையிலான அமர்வு இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொன்று சொன்னது. மருமகளுக்கு: வீடு கணவன் பெயரில் இல்லை, மாமனார் மாமியார் பெயரில் இருக்கிறது என்பதால் மட்டும் அது பகிர்ந்து வாழும் இல்லம் இல்லை என்று ஆகிவிடாது. மாமனாருக்கு: குடும்ப வன்முறைச் சட்டத்தில் இடைக்கால ஆணை இருப்பது உரிமையியல் வழக்குப் போடுவதற்குத் தடை இல்லை. சட்டத்தில் பிரிவு 17இல் 'சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் வெளியேற்றக் கூடாது' என்று இருக்கிறது அல்லவா, முறையாகப் போடும் சிவில் வழக்கும் அந்த நடைமுறைதான். ஆனால் அந்தக் கோர்ட் மருமகளின் உரிமைக் கோரிக்கையையும் விசாரித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். குடியிருக்கும் உரிமை அசைக்கவே முடியாத உரிமை இல்லை, வயதான காலத்தில் மகன் மருமகள் சண்டையில் மாட்டிக்கொள்ளாமல் நிம்மதியாக இருக்க மாமனார் மாமியாருக்கும் உரிமை உண்டு என்றும் அதிலேயே இருக்கிறது. அந்த இடத்தை வக்கீல் எனக்குத் தமிழில் படித்துச் சொன்னபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு நடந்தது

இரண்டு இடத்தில் மனு. ஒன்று அதே நடுவர் நீதிமன்றத்தில், பிரிவு 25 உட்பிரிவு 2. சூழ்நிலை மாறியிருந்தால் ஆணை வாங்கியவரும் கேட்கலாம், எதிர்மனுதாரரும் கேட்கலாம், ஆணையை மாற்றவோ திருத்தவோ நீக்கவோ நடுவருக்கு அதிகாரம் இருக்கிறது. இது யாருக்குமே தெரிவதில்லை. 30 நாள் மேல்முறையீடு போய்விட்டது என்று அழுதுகொண்டிருந்த எனக்கு இந்தக் கதவு திறந்தது பெரிய விஷயம். முதலில் நாங்கள் கேட்டது வீட்டை இல்லை, மோட்டாரை. தண்ணீர், ஈ.பி. பில் இரண்டுக்கும் மட்டும் குடும்ப வன்முறைச் சட்டத்தில் அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலர் வழியாகத் தகவல் சொல்லிக்கொள்ளலாம் என்று கேட்டோம், மாடியிலும் ஒரு ஸ்விட்ச் வைக்க அனுமதி கேட்டோம். அவள் பக்கமும் சரி என்றார்கள். எலக்ட்ரீஷியன் வந்து மாடியில் டூ-வே ஸ்விட்ச் போட்டார், கூலியோடு 1,400 ரூபாய். ஒன்றரை வருடம் நான் காவல் காத்த ஸ்விட்ச், அரை நாளில் முடிந்த வேலை. முதல் வக்கீலிடம் கொடுத்த 35,000இல் இதைச் செய்திருக்கலாம்.

இரண்டாவது, சார்பு நீதிமன்றத்தில் சிவில் வழக்கு. இங்கே ஒரு அடி விழுந்தது எனக்கு. மருமகள் பெயரோடு மகன் பெயரையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும் என்றார் வக்கீல். மாற்று வீடு கொடுக்கும் பொறுப்பு, வாடகைப் பொறுப்பு அவனுக்குத்தான் வரும், அவன் இல்லாமல் நீங்கள் மட்டும் அந்தப் பெண்ணை வெளியே போ என்று கேட்டால் அது எடுபடாது, நியாயமும் இல்லை என்றார். பிரிவு 19இல் அதற்கு இடம் இருக்கிறது: அவள் இப்போது இருக்கிற அதே தரத்தில் மாற்று வீடு ஏற்பாடு செய்யச் சொல்லலாம், அல்லது வாடகை கட்டச் சொல்லலாம். பிராதில், அதாவது வழக்கு மனுவில், மகன் பெயரை வாதியின் மகன் என்று டைப் அடித்திருந்ததைப் பார்த்துக் கையெழுத்துப் போட எனக்குப் பத்து நிமிடம் ஆனது. அவன் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அவன் செய்ததற்கு அவன்தான் கட்ட வேண்டும் என்று இப்போது தெளிவாக நினைக்கிறேன், அப்போது நினைக்க முடியவில்லை.

கோர்ட் ஸ்டாம்ப், சம்மன் செலவு, நகல் செலவு எதற்கும் என்னிடம் பணம் வாங்கவில்லை. சட்ட உதவி என்றால் வக்கீல் ஃபீஸ் மட்டும் இல்லை, இவையும் சேர்ந்ததுதான். யாராவது 'மேல் செலவுக்கு' என்று கேட்டால் செயலாளரிடம் சொல்லுங்கள் என்று ஆபீசிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை, இதை மனசாரச் சொல்கிறேன்.

நடுவில் அந்தப் பெண் வக்கீல் பிரசவ விடுப்பில் போனார். புதிதாக வந்தவருக்கு முதலிலிருந்து எல்லாம் சொல்ல வேண்டியிருந்தது, அவர் ஃபைலைப் படிக்காமலே முதல் வாய்தாவுக்கு வந்தார், அன்று ஒன்றும் நடக்கவில்லை. மார்க்கில் மீதிப் பாதி இதற்கு. ஆனால் அடுத்த வாய்தாவுக்குள் படித்துவிட்டு வந்தார், பென்சில் கோடுகள் அவருக்கும் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். சிவில் கோர்ட் எங்களைச் சமரச மையத்துக்கு அனுப்பியது. அங்கேயும் ஆணை ஞாபகம் வைத்து நடந்துகொண்டார்கள். அவளை ஒரு அறையிலும் என்னை ஒரு அறையிலும் வைத்து, சமரசம் பேசும் அம்மா மாறி மாறி வந்து பேசினார். ஐந்து தடவை உட்கார்ந்தோம். ஒரு தடவைகூட நாங்கள் நேருக்கு நேர் உட்காரவில்லை. மூன்றாவது தடவையில், "டீச்சரம்மாவுக்கு ஆபரேஷன் எப்போ?" என்று அவள் கேட்டனுப்பினாள்.

முடிவு என்ன என்றால், பேத்தி பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் அவளே பார்த்த வாடகை வீடு. அட்வான்ஸ் 1 லட்சம் என் பணத்திலிருந்து, ஒப்பந்தம் அவள் பெயரில். மாத வாடகை மகன் 5ஆம் தேதிக்குள் அவள் கணக்கில் போட வேண்டும், தவறினால் நேராக நடுவர் நீதிமன்றத்தில் மனு போடலாம். அவள் குடியேறிய பிறகுதான் வீட்டை விற்கக் கூடாது என்ற பகுதி நீங்கும். வன்முறை கூடாது, தொடர்பு கூடாது என்ற பகுதி அப்படியே இருக்கும், அவளாக வேண்டாம் என்று மனு போடும்வரை. அதை நீக்கச் சொல்லி நாங்கள் கேட்கவே இல்லை, கேட்கலாமா என்று மகன் போனில் கேட்டபோது கூடாது என்று நான்தான் சொன்னேன். பேத்தியை மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை கூட்டி வந்து காட்டலாம் என்பது அவள் பக்கத்திலிருந்தே வந்த வார்த்தை, நான் வாய் திறந்து கேட்டது இல்லை.

அவள் சாமான் ஏற்றிய அன்று வக்கீல் சொன்னபடி நான் தங்கை வீட்டில் இருந்தேன். மாடிச் சாவி அவள் வக்கீல் வழியாக என் வக்கீலிடம் வந்து, கவரில் என் கைக்கு வந்தது. போய்த் திறந்து பார்த்தேன். கூட்டித் துடைத்து வைத்திருந்தாள். தொட்டி நிறைய தண்ணீர் இருந்தது.

சரி, போகப்போகிறவர்களுக்கு. ஆணையின் எல்லாப் பக்கமும் இரண்டு ஜெராக்ஸ், உங்கள் கைக்கு ஆணை வந்த தேதி தெரியும் தாள், ஆதார், வீட்டு விஷயம் என்றால் கிரயப் பத்திரம், பட்டா, வரி ரசீது எடுத்துப் போங்கள். எங்கள் ஆபீசில் பத்தரைக்கு முன்னால் போனால் கூட்டம் குறைவு. உங்களுக்கு எதிராக ஆணை இருந்தால் போனில் அந்த நம்பரை அழித்துவிடுங்கள், கோபத்தில் விரல் தானாகப் போகும். எந்த வக்கீலாக இருந்தாலும், ஆணையை முழுக்கப் படிக்காமல் பேச ஆரம்பித்தால் பணத்தை எடுக்காதீர்கள். வக்கீல் மாறினால் பழையவரிடம் இருக்கும் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் புதியவர் கையில் நீங்களே கொடுங்கள். ஆபீஸ் அதைச் செய்யும் என்று காத்திருந்தால் ஒரு வாய்தா போய்விடும், எனக்குப் போனது.